எழுத்துப் பக்கம் உள்ளே

சித்திக்கு வாசிக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையில் மூன்று வருடம் கூட இருந்து வேலை செய்தவர்களே அவரைப் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர் என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. எழுத்துள்ள கடதாசி எதைக் கையில் கொடுத்தாலும் சித்தியின் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். யாரோ உடுப்பு மாற்றுகிற அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் திரும்புவது போலத் திரும்புவார்.

பஸ் போர்டு வாசிப்பார். மருந்துப் போத்தலில் உள்ளதை வாசிப்பார். கோயில் நோட்டீசை எழுத்துக்கூட்டி வாசித்து, பூசை நேரம் பிழையாகப் போட்டிருக்கிறது என்று சண்டைக்கும் போவார். ஊருக்குப் பொதுவான எழுத்தோடு அவருக்கு ஒரு பகையும் இல்லை. ஒரு ஆளுக்கென்று, ஒரு ஆளைப் பற்றி எழுதினதைத்தான் பார்க்கமாட்டார்.

“அடுத்தவங்க எழுத்து நமக்கு எதுக்கு புள்ள?”

இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். பத்துத் தடவையும் எனக்குத்தான் சொல்வார். ஏனென்றால் நான் கடலை சுற்றி வந்த கடதாசியைக்கூட விரித்து வாசிக்காமல் எறியமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனில் என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இறங்க மனசு வராது. அது ஒரு வியாதி. எனக்குத் தெரியும்.

சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை. என் அம்மாவும் அவரும் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள், அந்த உறவு. வயதில் எனக்குப் பதினெட்டு வருடம் மூத்தவர், வேலையில் எனக்கு இளையவர். முழங்கால் தேய்ந்து மலை ஏற முடியாமல் போனபோது, தலவாக்கலையில் நான் வேலை செய்த இடத்தில் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். மா கரைத்துப் பசை காய்ச்சவும் நான்தான் காட்டிக்கொடுத்தேன். முதல் நாளே பசையைக் கட்டி கட்டியாகக் காய்ச்சிவிட்டு, “இது ரொட்டிக்கு ஆகும், கொண்டு போறியா?” என்று கேட்டார்.

மொதலாளி கீழே கடதாசிக் கடை வைத்திருந்தார். மேல்மாடியில் நாங்கள் நான்கு பெண்கள் ஃபைல் செய்தோம். கந்தோர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போகிற, காக்கி நிறத்துக் கடதாசி மட்டை ஃபைல். இரண்டு மட்டை, நடுவில் முதுகு. முதுகுக்கு வெளியே ஒரு துணிப்பட்டி, உள்ளே ஒரு கடதாசிப்பட்டி, இரண்டையும் பசை போட்டு ஒட்ட வேண்டும். உள்பட்டிக்குப் புதுக் கடதாசி சரிவராது, பசை பட்டதும் ஊறிக் கிழிந்துவிடும். பழைய கணக்குப் புத்தகத்துத் தாள்தான் தோல் மாதிரி நிற்கும். தோட்டத்துக் கந்தோர்களில் பழசு கழிக்கும்போது மொதலாளி சாக்குச் சாக்காக வாங்கி வருவார். அதை அடிமட்டம் வைத்து மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்து, பலகைக்கு நடுவில் அடுக்கி, மேலே படிக்கல் ஏற்றுவோம். பனி இறங்கிவிட்டால் இரண்டு நாள் ஆனாலும் காயாது.

ஒட்டும்போது ஒரு முறை உண்டு. எழுதின பக்கம் பசைக்குப் போக வேண்டும், வெறும் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சித்தியை மிஞ்ச ஆள் இல்லை. தாளைப் பார்க்காமலே, பெருவிரலால் தடவி, மை ஏறின பக்கம் எது என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் இருபது ஒட்டினால் ஒன்றாவது தலைகீழாகப் போகும். சித்தியுடையதில் ஒரு எழுத்து வெளியே தெரிந்து நான் பார்த்ததில்லை.

சித்தி இருந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கு எந்தக் கடதாசி வந்தாலும் அது சித்தியின் காம்பராவுக்குத்தான் போகும். கூரை ஒழுகும், எலி வேறு. சித்தி மட்டை கோணிப்போன கழிவு ஃபைல்களை மொதலாளியிடம் கேட்டு வாங்கிப்போய், வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அவருடைய தகரப் பெட்டியில் இருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கி, திருப்பிக்கொண்டே உள்ளே வைப்பார்.

ஒரு தடவை பக்கத்துக் காம்பராப் பெண், தன் பெறுபேற்றுத் தாளுக்கு நடுவில் ஒரு பையன் எழுதின கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து விஷயம் வெடித்தது. தாய் வந்து வாசலில் நின்று கத்தினாள்.

“ஒங்க பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியாதும்மா. வச்சேன். பாக்கல.”

“வச்சவங்க பாக்காம இருப்பாங்களா?”

“நான் பாக்கல.”

அந்தத் தாய் ஒரு வருடம் சித்தியோடு பேசவில்லை. பிறகு அந்தப் பையனுக்கே பெண்ணைக் கொடுத்து, கலியாணப் பதிவுத் தாளையும் சித்தியின் பெட்டியிலேயே கொண்டுவந்து வைத்தாள். நான் மட்டும் சித்தியை விடவில்லை. அந்தக் கடிதங்களில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் அரிக்கிறது.

“எப்புடித்தான் பாக்காம இருக்கீங்க சித்தி? கண்ணு தானா போகாதா?” என்று ஒரு மழை நாளில் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் தலை நிமிராமல், தேய்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஒன்பது வயதில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பின காலத்தில், அப்பாவும் அக்காவும் கப்பலேறினார்கள். அம்மா அதற்கு முன்பே இல்லை. அப்பாவின் பாஸ்போட்டில் அக்கா பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. பிறந்த பதிவு மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றார்களாம். பதிவு வந்ததும் அடுத்த கப்பலில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி, அப்பா இவரைத் தன் தங்கை வீட்டில் விட்டுப்போனார். எட்டு மாதம் கழித்து அந்த அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. நாலாம் வகுப்புப் படித்த பிள்ளையை வாசலில் உட்கார வைத்து, லயமே சுற்றி நிற்க, வாசிக்கச் சொன்னார்கள்.

“மழ பெய்யுதுன்னு இருந்திச்சு. வேல கெடச்சிருச்சுன்னு இருந்திச்சு. அதுக்குக் கீழ, சின்னவளக் கூப்பிட வழி இல்ல, அவ கேட்டா அடுத்த கப்பல்னு சொல்லி வைங்கன்னு இருந்திச்சு. நான்தான் புள்ள வாசிச்சேன். சத்தமா, ராகம் போட்டு வாசிச்சேன். முடிச்ச பொறகுதான் என்னா வாசிச்சேன்னு வெளங்கிச்சு.”

நான் வெட்டி வைத்திருந்த பட்டிகளை மறுபடி எண்ணினேன்.

“அது அத்தைக்கு எழுதுனது. நான் பாத்திருக்கக் கூடாது” என்றார். அப்பா மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “எங்கப்பா பேர் பதிஞ்சாரு. தோட்டத்துப் புத்தகத்துல இருக்கு. நான் பதிஞ்சிட்டேன்னு கப்பலேற முந்தி அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு. அது மேல போய்ச் சேரல, அம்புட்டுதான்.”

இதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. புருஷன் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை, அடையாள அட்டையில்கூட அப்பா பெயர் என்று அத்தையின் புருஷன் பெயர்தான் இருந்தது. ஆனாலும் எங்கோ ஒரு புத்தகத்தில் அப்பா தன் பெயரை எழுதவைத்திருக்கிறார் என்பது அவருக்கு ஒரு சொத்து மாதிரி. அதை நம்பியே அவர் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் ஒரு கந்தோருக்கு நானூறு ஃபைல் அவசரமாகக் கேட்டார்கள். மொதலாளி மூன்று சாக்குப் பழைய தாள் கொண்டுவந்து கொட்டினார். ஒன்றில் அட்டை பிய்ந்த பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. நல்ல தடித்த தாள், எல்லாம் இங்கிலீசு. என் கண் சும்மா இருக்குமா? எழுத்துக்கூட்டி வாசித்தேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர், பிறந்த பிள்ளைகளை வரிசையாக எழுதி வைத்த புத்தகம் அது. திகதி, அப்பா, அம்மா, லயம் நம்பர், ஆணா பெண்ணா, கடைசிக் கட்டத்தில் பெயர்.

“காளிமுத்து, ராக்கம்மா, ஆம்பளப் புள்ள, மூணாம் நம்பர் லயம்… சித்தி, கேளுங்களேன், ஒரே நாள்ல ரெட்டப் புள்ள!”

“வாசிக்காத புள்ள.”

“யாருன்னு தெரியாதவங்கதானே?”

“யாரோ பெத்த புள்ளைங்க. போதும், வை. வேல கெடக்கு.”

எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நான் காதில் போட்டதில்லை. அன்றைக்கு ஒரு நாள் அவர் பேச்சைக் கேட்டேன். புத்தகத்தைச் சித்தியின் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் பார்க்காமலே அடிமட்டம் வைத்தார். பட்டிக்கு மூன்று பிள்ளை, நான்கு பிள்ளை என்று நான்கு நாளில் புத்தகம் முடிந்தது.

அதற்கு ஆறேழு மாதம் கழித்துத்தான் கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. சித்தியின் அக்கா மகன் எப்படியோ தேடிக் கண்டுபிடித்திருந்தான். அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. என் போனில்தான் இருவரும் முகம் பார்த்துப் பேசினார்கள். பேசினார்கள் என்று சொல்வதே தப்பு. முதல் நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கால் மணி நேரம் அழுதார்கள்.

“ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ தங்கச்சி. இடுப்புல வச்சுத் தூக்குன புள்ள நீ” என்று அந்த அம்மா சொல்வார். பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்பார்: “பேர் பதிவு கெடச்சிருச்சா?”

பாஸ்போட் எடுக்க வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான்தான் கூட்டிப்போய் மனுக் கொடுக்கவைத்தேன். கந்தோரில் இருந்த சிங்களப் பிள்ளை நல்ல பிள்ளை, தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னாள். அடையாள அட்டையில் அப்பா பெயர் வேறு என்பதால் தோட்டத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். “பழைய புத்தகத்தில ஒரு வரி இருந்தா போதும் அம்மா, நான் செஞ்சு தாறேன்.”

ஒரு வரி. சித்தி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “அப்பா பதிஞ்சாருல்ல” என்றார். அடுத்த நாள் தான் பிறந்த தோட்டத்துக்குத் தனியாகவே பஸ் ஏறிப்போனார்.

மத்தியானம் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். கரண்டிக் காம்பை எடுத்தார், வைத்தார்.

“கிளாக்கரு சொல்றாரு, பழைய புத்தகமெல்லாம் வித்தாச்சாம். தலவாக்கலையில ஃபைல் செய்ற மொதலாளிக்கு.” பிறகு மெதுவாக, “புள்ள, அந்தச் சாக்கு…” என்றார்.

நான் இன்னும் இரண்டு தாள் புரட்டியிருந்தால் போதும். அவர் அப்பா பெயர் எனக்குத் தெரியும். கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். வியாதி பிடித்தவள் போல ஆயுள் முழுக்க வாசித்துவிட்டு, வாசிக்க வேண்டிய நாளில் நல்ல பிள்ளையாகப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

மொதலாளியிடம் சொன்னோம். “கடையில அந்த ஃபைல்ல மிச்சம் ஒரு அறுவது இருக்கும். எல்லாத்தையும் நனைங்க” என்றார். பசை காய்ச்சும் அண்டாவில் சுடுதண்ணீர் வைத்து, நாங்களே அழுத்தித் தேய்த்த முதுகுகளை நாங்களே ஊறப்போட்டு உரித்தோம். சித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“நீ வாசி. நீதானே வாசிக்கிறவ.”

வாசித்தேன். ஈரப் பட்டிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்தேன். யார் யாரோ பெற்ற பிள்ளைகள். சில பிள்ளைகள் வெட்டில் இரண்டாகப் போயிருந்தன. அறுபதிலும் சித்தி இல்லை.

மீதி நானூறும் அந்தக் கந்தோரில். அதே கந்தோரில்தான் சித்தியின் மனுவும் கிடந்தது. போய்க் கேட்போம், அந்தச் சிங்களப் பிள்ளை உதவுவாள் என்றேன். சித்தி அசையவில்லை.

“அதுக்குள்ளல்லாம் இப்ப மத்தவங்க கடதாசி இருக்கும். அதப் பிரிச்சுப் போடுங்கன்னு கேக்க நம்ம யாரு?”

அன்றைக்கு நான் அவரிடம் கத்தினேன். அக்கா சாகக் கிடக்கிறார், இப்போதுமா உங்கள் நியாயம் என்று கத்தினேன். பிடிவாதக்காரி என்றும் சொன்னேன். அவர் பசைப் பாத்திரத்தைக் கழுவினார். தனியாகப் போய் நானே கேட்டேன். பாவனையில் உள்ள ஃபைலைக் கிழிக்க அனுமதியில்லை என்று அந்தப் பிள்ளை கண் கலங்கச் சொன்னாள்.

மாசி மாதம் அக்கா இறந்துபோனார். உடம்பை எடுத்துப்போவதை அக்கா மகன் போனில் காட்டினான். சித்தி என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேல்மாடியில் பசை வாடைக்கு நடுவில், நின்றபடியே பார்த்தார். படம் நடுவில் நின்றுவிட்டது. அந்த நின்ற படத்தைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுப் போனைத் தந்தார். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் இருமலும் சேர்ந்து வேலையை விட்டுவிட்டார்.

நான் விடவில்லை. பழைய கிழிந்த ஃபைலைத் திருப்பித் தந்தால் புதுசைக் குறைத்துத் தருகிறோம் என்று கந்தோருக்குச் சொல்லும்படி மொதலாளியிடம் கெஞ்சினேன். அவர் செய்தார். வெறும் மட்டைகள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. சாப்பாட்டு நேரத்தில் ஊறப்போட்டு உரித்தேன். ஒன்றரை வருடம் உரித்தேன். என்னோடு இருந்த பெண்களுக்கு நான் கொஞ்சம் கழன்றவள் என்று எண்ணம். அக்காவே போன பிறகு அது எதற்கு என்று கேட்டார்கள். சித்தியின் அப்பா பதிந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான்.

ஒரு சனிக்கிழமை கிடைத்தது.

பட்டியில் மூன்று வரி. நடு வரியில் சித்தியின் அப்பா பெயர். அம்மா பெயர். ஆறாம் நம்பர் லயம். பெண். திகதி. நான் குதித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

டிஸ்பென்சர், பிள்ளை பிறந்த அன்றே வரியை எழுதிவிடுவார். பெயர் வைத்த பிறகு அப்பா போய்ச் சொன்னால்தான் அந்தக் கட்டம் நிரம்பும், அதற்குப் பிறகுதான் பதிவு மேலே போகும். சித்தியின் அப்பா போகவில்லை. வேலையோ, மழையோ, மறதியோ, தெரியாது. அந்தக் கோடுதான் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கப்பலில் ஏற்றாத கோடு.

ஞாயிற்றுக்கிழமை பட்டியை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனேன். சித்தி சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார்.

“சித்தி, கெடச்சிருச்சு.”

சுளகைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வாசி புள்ள.”

அப்பா பெயரை வாசித்தேன். அம்மா பெயரை வாசித்ததும் அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. லயம் நம்பர், பெண் பிள்ளை, திகதி. பிறகு கோட்டில் விரலை வைத்துக்கொண்டு, அங்கே எழுதியிருப்பது போலவே, சித்தியின் பெயரை வாசித்தேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

“அப்பா பதிஞ்சாருல்ல?”

“பதிஞ்சிருக்காரு சித்தி.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லலாம் என்று இருந்தது எனக்கு. பிறகு அவர் மெல்லத் திரும்பினார்.

“இங்க குடு. இது என் எழுத்துதானே? நான் பாக்கலாம்ல?”

இதை நான் யோசிக்கவே இல்லை. பார்க்கமாட்டார் என்ற தைரியத்தில்தானே வாசித்தேன். வாங்கி மடியில் விரித்து, குனிந்து பார்த்தார்.

“பேரு எந்தக் கட்டம்?”

காட்டினேன். அவருக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் மேல் வரியில் அந்தக் கட்டம் நிறைய எழுத்து இருந்தது, கீழ் வரியிலும் இருந்தது. பெருவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, நான் திரும்பிக்கொண்டேன்.

“அக்கா இதப் பாக்காம போனதும் நல்லதுதான்” என்றார் சித்தி.

நான் அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பட்டியை மறுபடி மட்டைக்கு நடுவில் வைத்து என் கையில் தந்தார்.

“ஒட்டிரு புள்ள. எழுத்துப் பக்கம் உள்ள போகட்டும்.”

ஒட்டினேன். நான் செய்ததிலேயே நல்ல ஃபைல் அதுதான். அதில் சித்தி தன் அக்காவின் படத்தை வைத்திருந்தார். போன மழைக்கு அவரும் போய்விட்டார், ஃபைல் என்னிடம் வந்துவிட்டது.

அவர் பெயரை நான் இதில் எங்கும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் இல்லாததை நான் ஒரு தடவை வாசித்தது போதும்.